தமிழ் 99: நல்லது ஏன் நிலைக்கவில்லை?

போன மாதம் ஒரு வேலையாகக் கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர் வழியாக வெள்ளிமலை. இந்த வழியில் சர்வீஸ் காலத்தில் எத்தனையோ முறை ஃபைலும் கையுமாகப் போயிருக்கிறேன். இப்போது ஃபைல் இல்லை, முழங்கால் வலி மட்டும்தான் கூட வந்தது.

மலையில் ஒரு கணினி மையத்தில் ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா. அவர் பெயரில் 'ள்ளி' வர வேண்டிய இடத்தில் ஒரு அட்டையில் 'ல்லி' என்று இருந்தது. இன்னொரு அட்டையில் சரியாக இருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று அவருடைய உதவித்தொகை நான்கு மாதமாக நின்றிருக்கிறது. பெயரைத் திருத்த மனுக் கொடுக்க வந்திருந்தார்.

கணினியின் முன் இருந்த பையன் நல்ல பையன். மரியாதையாகப் பேசினான், வேகமாகவும் அடித்தான். ஆனால் அவன் அடித்தது ஆங்கில எழுத்தில். தமிழ் தானாக மாறித் திரையில் வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். திருத்தல் மனுவிலும் அதே 'ல்லி'!

"தம்பி, பெயர் திரும்பவும் தப்பாக வந்திருக்கிறது பாருங்க" என்றேன்.

அவன் பார்த்தான். "ஆமா சார். எல் அடிச்சா முதல்ல இதுதான் வருது. கீழ லிஸ்ட்ல இருந்து எடுக்கணும். அவசரத்துல விட்டுட்டேன்" என்று சொல்லித் திருத்தினான்.

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "சரியா போட்டுட்டியா சாமி?" என்று மட்டும் கேட்டார்.

பஸ்ஸில் இறங்கி வரும்போதெல்லாம் எனக்கு அதே நினைவு. இந்தத் தப்பு நடக்காமல் இருப்பதற்கான வழியை 1999-லேயே நம் ஆட்கள் செய்து வைத்துவிட்டார்கள். அது ஏன் வெள்ளிமலைக்கு வந்து சேரவில்லை? வெள்ளிமலையை விடுங்கள், கள்ளக்குறிச்சிக்கே வரவில்லையே!

மூன்று விசைப்பலகை பார்த்த விரல்கள்

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கணினி படித்தவன் அல்ல நான். ஆனால் ஒரு தகுதி உண்டு. என் விரல்கள் மூன்று விசைப்பலகைகளைக் கற்று, ஒன்றை மறந்து, ஒன்றை மறக்க முடியாமல் தவித்தவை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். என் மாமா ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த 'சொல்தா'. அவர் வீட்டில் ஒரு பிரெஞ்சு டைப்ரைட்டர் இருந்தது. பதினான்கு வயதில் அதில்தான் தட்டிப் பழகினேன். பிரெஞ்சு விசைப்பலகையை 'அஸெர்தி' என்பார்கள். ஆங்கிலத்தில் க்யூ இருக்கும் இடத்தில் அங்கே ஏ இருக்கும், டபிள்யூ இடத்தில் இஸட். எம் என்ற எழுத்து எல்லுக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். எண்களை அடிக்க ஷிஃப்டை அழுத்த வேண்டும்!

பிறகு குடும்பம் கள்ளக்குறிச்சிப் பக்கம் வந்தது. அரசு வேலைக்கு டைப்ரைட்டிங் வேண்டும் என்று இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார்கள். ஆங்கிலம் அடித்தால் ஏ வர வேண்டிய இடமெல்லாம் க்யூ வந்தது. மாஸ்டர் ஸ்கேலால் விரலைத் தட்டுவார். "எந்த ஊர் பாஷைடா இது?" என்பார். ஆறு மாதம் ஆயிற்று அந்தப் பழக்கம் போக. அதன்பின் தமிழ். 'யளனகபக டமதாத' என்ற அந்த முதல் பாடத்தைத் தட்டாத அரசு ஊழியர் நம் தலைமுறையில் உண்டா? ஆங்கிலம் ஹையர், தமிழ் லோயர் பாஸ் செய்துதான் நான் இளநிலை உதவியாளராக உள்ளே நுழைந்தேன்.

அந்தத் தமிழ் விசைப்பலகையின் பெருமை ஆர். முத்தையா அவர்களைச் சேரும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போனவர். இத்தனை எழுத்துகள் உள்ள தமிழை ஒரு சின்ன மெஷினுக்குள் அடக்கினார். அவர் வகுத்தபடி ஜெர்மனியில் மெஷின் செய்தார்கள். அது இரும்புக் கம்பிகளின் கணக்கு. காகிதத்தில் எந்த வரிசையில் தெரிகிறதோ அந்த வரிசையில் அடிக்க வேண்டும். 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். மூன்று தட்டு.

தமிழ் 99 என்ன செய்தது?

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு 'தமிழ்நெட் 99' என்ற மாநாட்டை நடத்தியது. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு எழுத்துரு, ஒவ்வொரு விசைப்பலகை என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் கணினியில் திறந்தால் கொக்கிகளும் கட்டங்களும்தான் தெரியும். அதை ஒழுங்குபடுத்தத்தான் அந்த மாநாடு. அதில் பிறந்ததுதான் தமிழ் 99 விசைப்பலகை. அரசும் அதை ஏற்றுக்கொண்டது.

அதன் அழகை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். உயிர் எழுத்து 12, மெய்க்கு 18, புள்ளிக்கு 1. மொத்தம் 31 விசை. உயிர் எல்லாம் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பகுதி வலக்கைக்கு. அ, இ, உ மூன்றும் இடக்கை விரல்கள் இயல்பாக உட்காரும் வரிசையில். க, ப, ம, த, ந, ய வலக்கைக்கு அதே நடுவரிசையில். ஷிஃப்ட் வேலையே தமிழ் எழுத்துக்கு இல்லை.

இன்னொரு வசதி, தானாக விழும் புள்ளி. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்தில் புள்ளி தானாக விழுந்துவிடும். ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற வந்தாலும் அப்படியே. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ. நான்கே தட்டு. 'கொ' என்றால் க, ஒ. இரண்டு தட்டு. நம் ஊர்ப் பெயர் 'கள்ளக்குறிச்சி'யை எண்ணிப் பாருங்கள்: க, ள, ள, க, க, உ, ற, இ, ச, ச, இ. பதினொன்று. ஆங்கில எழுத்தில் அதையே அடித்தால் முறையைப் பொறுத்து 13 முதல் 15 வரை போகும். 'மமதை' மாதிரி சில சொற்களில் இடையில் ஓர் அ தட்ட வேண்டியிருக்கும். அது ஒரு குறையே இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேகம் அல்ல. இதில் ல-வுக்கு ஒரு விசை, ள-வுக்கு ஒரு விசை, ழ-வுக்கு ஒரு விசை. ன, ண, ந மூன்றும் தனித்தனி. அடிப்பவன் எந்த எழுத்து என்று முடிவு செய்துதான் விரலை வைத்தாக வேண்டும். எல் அடித்துவிட்டு எது வருகிறதோ வரட்டும் என்று விட முடியாது. மலையில் பார்த்த அந்த அம்மாவின் பெயர் தப்பியிருக்கும்.

எங்கள் ஆபீசுக்கு வந்த விசைப்பலகை

நான் 2009-இல் ஓய்வு பெற்றேன். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நான் இருந்த ஓர் அலுவலகத்துக்குத் தமிழ் எழுத்துகள் அச்சடித்த விசைப்பலகை ஒன்று வந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்வதில் பயனில்லை, எல்லா ஆபீசிலும் இதே கதைதான். அட்டைப் பெட்டியைப் பிரித்து எல்லோரும் கூடிப் பார்த்தோம். "அட, தமிழ்லயே போட்டிருக்கான் பாரு" என்று ஆளுக்கொரு தட்டுத் தட்டினோம்.

எங்கள் டைப்பிஸ்ட் அம்மா ஹையர் பாஸ். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். பத்து நிமிஷம் அதில் முயன்று பார்த்துவிட்டு எழுந்துவிட்டார். "சார், இருபத்தஞ்சு வருஷமா இந்தக் கை ஒரு மாதிரி ஓடுது. இன்னிக்கு இருபது லெட்டர் டெஸ்பாட்ச் போகணும். இதைப் பழகினா நாலுதான் போகும். ஏன் லேட்டுன்னு மெமோ எனக்குத்தானே வரும்?" என்றார்.

எனக்கு ஸ்கேலால் அடி வாங்கிய ஞாபகம் வந்தது. பதில் சொல்லவில்லை. அந்த விசைப்பலகை பீரோ மேல் ஏறியது. ஓய்வு பெறும் நாளில் பார்த்தேன், அங்கேயேதான் இருந்தது, மேலே ஒரு பழைய டைரிக் கட்டு.

அந்த அம்மா சோம்பேறி இல்லை, பிடிவாதக்காரரும் இல்லை. அவர் போட்டது சரியான கணக்கு. புதிதாகப் பழகும் சிரமம் முழுவதும் அவருக்கு. பலன் யாருக்கு? பெயர் சரியாக வரப்போகும் மனுதாரருக்கு. அரசாணைக்கு இரண்டு பேரும் ஒன்றுதான், ஆனால் சிரமம் ஒருவர் தலையிலும் பலன் இன்னொருவர் கையிலும் இருந்தால் எந்த நல்ல பொருளும் பீரோ மேல்தான் ஏறும்.

நம் ஊரில் மட்டும் இல்லை

இதை நம் குறை என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆங்கிலத்துக்கு டுவோராக் என்ற அமெரிக்கர் 1936-இல் வேறொரு விசைப்பலகைக்குக் காப்புரிமை வாங்கினார். விரல் ஓட்டம் குறையும் என்றார். இன்றும் உலகம் 1870-களின் ரெமிங்டன் மெஷின் வரிசையில்தான் அடிக்கிறது.

பிரான்சில் இன்னும் வேடிக்கை. 1980-களின் தொடக்கத்தில் 'மினிதெல்' என்று ஒரு சின்னத் திரைக்கருவியைத் தொலைபேசியோடு கொடுத்தார்கள். இன்டர்நெட்டுக்கு முன்பே வீட்டில் இருந்தபடி ரயில் டிக்கெட், டெலிபோன் எண் எல்லாம் பார்க்கலாம். தட்டச்சு தெரியாதவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று முதலில் வந்த கருவிகளில் ஏ, பி, சி, டி என்று அகரவரிசையில் விசை வைத்தார்கள். எடுபடவில்லை. பழைய அஸெர்திக்கே திரும்பினார்கள். ஆனால் மினிதெல் என்ற கருவி நன்றாகவே பிடித்துக்கொண்டது. 2012 ஜூன் 30 வரை ஓடியது. ஏன்? டெலிபோன் டைரக்டரிக்குப் பதிலாக இலவசமாக வீட்டுக்கே வந்தது. யாரும் எதையும் மறக்க வேண்டியிருக்கவில்லை.

பக்கத்தில் பெங்களூரில் நடந்ததைச் சொல்கிறேன். இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியர்களும் ஒரு மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001-இல் 'சிம்ப்யூட்டர்' என்ற கையடக்கக் கணினியை அறிமுகப்படுத்தினார்கள். கிராமத்துக்காகவே யோசித்தது. தொட்டால் வேலை செய்யும் திரை. எழுத்தறியாதவருக்கு இந்திய மொழியில் வாசித்துக் காட்டும். ஒரு கருவியை ஊரே பகிர்ந்துகொள்ளலாம். ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டு போதும். 2004-இல் 'அமிடா' என்ற பெயரில் சுமார் 10,000 ரூபாய்க்குக் கடைக்கு வந்தது. சாய்த்தால் பக்கம் திரும்பும் வசதிகூட அதில் இருந்தது. ஐபோன் வந்தது 2007-இல்! இருந்தும் எதிர்பார்த்ததில் சிறு பங்குகூட விற்கவில்லை.

அதே காலத்தில், 2003-இல், நோக்கியா 1100 வந்தது. அதில் என்ன பெரிய வசதி? தலையில் ஒரு டார்ச் விளக்கு. அவ்வளவுதான். உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. கல்வராயன் மலையில் சிக்னல் கிடைக்காத ஊரில்கூட அந்த போனைப் பார்த்திருக்கிறேன். "டவர் இல்லாத இடத்துல இது எதுக்கு?" என்று ஒருவரைக் கேட்டேன். "ராத்திரி காட்டுப் பக்கம் போக லைட் வேணுமில்ல சார்" என்றார்.

இந்த டார்ச்சை சிம்ப்யூட்டரோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டார்ச்சைப் பழகத் தேவையில்லை. வாங்கிய அன்று இரவே பயன். பக்கத்து வீட்டுக்காரன் வாங்காவிட்டாலும் உன் டார்ச் எரியும். காசு கொடுத்தவனுக்கே பலன். சிம்ப்யூட்டர் பயன்பட வேண்டுமானால் பஞ்சாயத்து ஒன்று வாங்க வேண்டும், கார்டு கொடுக்க வேண்டும், விவரங்களைத் தமிழில் ஏற்ற ஓர் ஆள் வேண்டும். இத்தனையும் ஒரே சமயத்தில் நடந்தால்தான் முதல் பயன். எங்கே நடக்கும்?

தமிழ் 99-க்கு வந்த இன்னும் இரண்டு சோதனை

முதலாவது, இரண்டு அரசுகள், இரண்டு தரம். மத்திய அரசு 1980-களிலேயே எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக 'இன்ஸ்கிரிப்ட்' என்ற விசைப்பலகையை வகுத்துவிட்டது. விண்டோஸில் தமிழ் வந்தபோது கூடவே வந்தது அதுதான். தமிழ் 99 வேண்டும் என்றால் இ-கலப்பையோ என்.ஹெச்.எம். ரைட்டரோ தேடி இறக்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸிலேயே தமிழ் 99 சேர்ந்தது 2019 வாக்கில். இருபது வருஷம்! அதற்குள் ஒரு தலைமுறை வேறு வழியில் பழகிவிட்டது. தானாக வருவதைத்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, கடையில் விற்கும் விசைப்பலகையில் ஆங்கிலம் மட்டுமே இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு முறை தேடினேன். தமிழ் எழுத்து ஸ்டிக்கர்தான் கிடைத்தது. இரண்டு மாத வியர்வையில் உரிந்துவிட்டது. விசையில் எழுத்து இல்லை என்றால் பழகாதவன் எதைப் பார்த்து அடிப்பான்? தெரிந்த ஆங்கில எழுத்தைத்தான் அடிப்பான். யாரும் வாங்குவதில்லை என்று கடைக்காரர் தருவிப்பதில்லை. கடையில் இல்லாததால் யாரும் வாங்குவதில்லை.

என் பேரன் சொல்கிறான்: "தாத்தா, இப்ப யாரு டைப் பண்றாங்க? போன்ல பேசினா அதுவே எழுதிடும்." உண்மைதான், கடிதத்துக்குச் சரி. ஆனால் பெயருக்கு? அவனையே மலைக் கிராமங்கள் நான்கைந்தின் பெயரைப் போனிடம் சொல்லச் சொன்னேன். இரண்டைச் சரியாக எழுதியது. மற்றதை அதற்குத் தெரிந்த வேறு சொல்லாக மாற்றியது. அகராதியில் இல்லாத பெயரைக் கருவி ஊகிக்கத்தான் செய்யும். உதவித்தொகை ஊகத்தில் வராது.

மாற்றவே முடியாதா?

முடியும். நாமே பார்த்திருக்கிறோம். 1978-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையானது. பழைய 'ணை', 'லை', 'னை'யின் யானைத் தும்பிக்கை போய், மற்ற எழுத்துக்கு இருக்கும் அதே ஐகாரக் கொம்பு வந்தது. அரசாணை பாடப்புத்தகத்தில் இறங்கியது. பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே புது எழுத்தைத்தான் கண்டார்கள். நாங்கள் பழையதையே எழுதிக்கொண்டிருந்தாலும் யாரும் தண்டிக்கவில்லை. மெல்ல மெல்ல நாங்களும் மாறினோம். இன்று பழைய 'லை' எழுதத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கும் நீங்கள்தான்.

ஆகவே என் யோசனை மூன்று. ஒன்று, அரசுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு விசைப்பலகையிலும், மடிக்கணினியிலும் தமிழ் எழுத்து அழியாமல் அச்சாகியிருக்க வேண்டும். இரண்டு, ஆறாம் வகுப்பில், ஆங்கிலத்தில் தட்டிப் பழகும் முன்பே பிள்ளைகளுக்குத் தமிழ் 99-ஐக் கற்றுக்கொடுக்க வேண்டும். மறக்க எதுவும் இல்லாத விரலுக்கு இரண்டு வாரம் போதும். மூன்றாவதுதான் முக்கியம். மனு அடித்துக்கொடுக்கும் பையன்கள் பழகும் ஒரு மாதத்துக்கு அவர்களுக்கு ஏதாவது தொகை கொடுக்க வேண்டும். எங்கள் டைப்பிஸ்ட் அம்மாவிடம் அன்று, "ஒரு மாதம் நாலு லெட்டர் போனால் போதும், மெமோ வராது" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்த விசைப்பலகை பீரோ மேல் ஏறியிருக்காது. சொல்லக்கூடிய இடத்தில் அன்று இருந்தவர்களில் நானும் ஒருவன். சொல்லவில்லை.

ஊருக்கு உபதேசம் செய்கிறானே, இவன் எதில் அடிக்கிறான் என்று கேட்பீர்கள். இந்த வலைப்பூவில் இதுவரை எழுதியதெல்லாம் பழைய 'யளனகபக'வில் அடித்ததுதான். வெள்ளிமலையிலிருந்து திரும்பிய மறுநாள் தமிழ் 99-ஐ ஒரு அட்டையில் எழுதிக் கணினிக்கு மேல் ஒட்டிக்கொண்டேன். இந்தக் கட்டுரையின் முதல் பாதியை அதில் அடித்தேன். நான்கு நாள் ஆயிற்று. பொறுமை போய், பின்பாதியைப் பழையபடியே அடித்துவிட்டேன். எழுபது வயதுக்கு மேல் விரலுக்கும் பிடிவாதம் உண்டு. அடுத்த கட்டுரையை முழுதும் அடிக்கப் பார்க்கிறேன்.

அந்தப் பையனைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். முழுதும் மாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவன் பிழைப்பு அது. "தம்பி, மற்றதெல்லாம் உங்க இஷ்டம்போல அடிங்க. பெயரும் ஊரும் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகத் தமிழ்லயே அடிங்க. அடிச்சதும் மூணு சுழி 'ண'வா, ரெண்டு சுழி 'ன'வா, சின்ன 'ர'வா, பெரிய 'ற'வான்னு பழைய அட்டையோட ஒத்துப் பாருங்க" என்றேன். ஒரு தமிழ் 99 அட்டையும் எழுதிக் கொடுத்தேன்.

"பெயருக்கு மட்டும்னா பண்ணலாம் சார்" என்றான். அட்டையைக் கணினிக்குப் பக்கத்தில் செருகி வைத்தான்.

உங்கள் ஊர் மையத்துக்குப் போனால் பெயர் அடிக்கும்போது நீங்களும் எட்டிப் பாருங்கள். நமக்குப் படிக்கத் தெரியும். வரிசையில் பின்னால் நிற்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.